தனி நட்சத்திரத்தின் கணக்கு

சென்னையில் பறக்கும் ரயிலில் மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூர் போகிறவர்களுக்குப் பக்கிங்ஹாம் கால்வாய் என்பது மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்க வேண்டிய கறுப்பு நீர். ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமில் தொடங்கி மரக்காணம் வரை கடலோரமாகவே சுமார் 420 கிலோமீட்டர் ஓடிவருகிற நீர்வழி அது என்பதோ, உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதில் போய்வந்ததோ இன்று பலருக்கு நினைவில்லை. சென்னைக்கு வடக்கே அதன் முதல் துண்டு 1806இலேயே வெட்டப்பட்டுவிட்டது. ஆனால் கால்வாய்க்கு இன்றைய பெயரையும் இன்றைய நீளத்தில் ஒரு பெரும்பங்கையும் தந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய அந்தப் பஞ்சத்தில், பட்டினி கிடந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்று அரசு கால்வாயை வெட்டி நீட்டியது. அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு நிலைத்தது.

ஓங்கோல் பகுதியில் அந்தக் கால்வாயின் மூன்றரை மைல் தூரத்தை வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்தவர் ஓர் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி. பெயர் ஜான் எவரெட் கிளஃப். இளமையில் அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் நில அளவை செய்து பழகியவர் என்பதால் மட்டத்தையும் கயிற்றையும் பார்த்து அவர் மிரளவில்லை. அந்த மூன்றரை மைல் முடிந்த கையோடு, 1878 ஜூலை 3ஆம் தேதி, ஒரே நாளில் 2,222 பேர் குண்டலகம்மா ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார்கள். அமெரிக்கச் சபைகளின் பத்திரிகைகள் அதைப் புதிய பெந்தெகொஸ்தே என்று கொண்டாடின. இன்றைக்கும் அவர்களுடைய தெலுங்கு மிஷனின் கதையைச் சொல்கிறவர்கள் அந்த எண்ணில்தான் தொடங்குகிறார்கள்.

அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் நாற்பத்திரண்டு வருஷம்தான் சுவாரசியமானது.

சாமுவேல் டே 1836இல் கல்கத்தாவில் கரையிறங்கினார். கனடாவில் பிறந்த பாப்டிஸ்ட் போதகர். தெலுங்கு பேசும் மக்களிடம் சுவிசேஷம் சொல்வது என்ற தீர்மானத்தோடு விசாகப்பட்டினம் போனார், அங்கிருந்து ஸ்ரீகாகுளம், பிறகு சென்னை. சென்னையில் தெலுங்கர் ஏராளம் என்றாலும் தெலுங்கு நாட்டின் நடுவே போய் உட்கார வேண்டும் என்று அவருக்குப் பட்டது. 1840இல் நெல்லூருக்கு மாட்டுவண்டி கட்டினார். அதே வருஷம் உதவிக்கு வந்து சேர்ந்த வான் ஹூசன் ஐந்து வருஷத்தில் உடல்நலம் கெட்டு ஊர் திரும்பினார். 1846இல் டேயும் நோயாளியாக அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். சில வருஷம் மிஷன் உள்ளூர் உதவியாளர்களின் கையில் கிடந்தது. வெயில், காய்ச்சல், மொழி, சந்தைவெளிப் பிரசங்கம், சிறு பள்ளிக்கூடம், வந்து கேட்டுவிட்டுப் போகிற கூட்டம். ஞானஸ்நானம் பெற்றவர்களின் பட்டியல் மட்டும் நீளவே இல்லை.

வங்கக் கடலுக்கு அந்தப் பக்கம் அதே அமெரிக்க பாப்டிஸ்டுகளின் பர்மா மிஷன் செழித்துக்கொண்டிருந்தது. கரேன் மலைக்குடிகள் ஆயிரக்கணக்கில் சபையில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். பாஸ்டனில், மிஷன் சங்கத்தின் தலைமையகத்தில், உட்கார்ந்து வரவுசெலவு பார்க்கிறவர்களுக்கு ஒப்பீடு தவிர்க்க முடியாதது. ஒரு டாலர் பர்மாவில் என்ன செய்கிறது, நெல்லூரில் என்ன செய்கிறது? 1848இல் நெல்லூரை மூடிவிடலாமா என்ற பேச்சு வந்தது.

பர்மாவின் பெயரைச் சொல்லி நெல்லூரைக் குறை சொன்னவர்கள், பர்மாவே எப்படித் தொடங்கியது என்பதை மறந்திருக்க வேண்டும். அதோனிராம் ஜட்சன் 1813இல் ரங்கூன் வந்தவர். முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819இல். அதற்கு முன்பு 1793இல் வங்காளம் வந்த வில்லியம் கேரி, தச்சரான கிருஷ்ண பாலை ஹூக்ளி ஆற்றில் முழுக்கியது 1800 டிசம்பரில். 1807இல் காண்டன் சேர்ந்த ராபர்ட் மாரிசனுக்கு முதல் சீனர் கிடைக்க 1814 ஆயிற்று. ஆறு வருஷம், ஏழு வருஷம் என்பது அந்தத் தலைமுறைக்குப் பழக்கப்பட்ட காத்திருப்பு. ஆனால் இவர்களில் எவரும் சும்மா காத்திருக்கவில்லை. கேரி அதற்குள் வங்காளத்தில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து முடித்திருந்தார். மாரிசன் அகராதியில் மூழ்கியிருந்தார். ஜட்சன் பர்மிய மொழியில் எழுதவும் வாதாடவும் தேறியிருந்தார். வருஷாந்திர அறிக்கையில் ‘ஞானஸ்நானம்: இல்லை’ என்று எழுதப்பட்ட வருஷங்களில்தான் பின்னால் பல தலைமுறைகள் பயன்படுத்திய வேலை நடந்தது.

ஜட்சனுக்கு இது தெரியும். தெலுங்கு மிஷனைக் கைவிடக் கை தூக்குவதைவிட, அந்த வயதிலும் வங்கக் கடலைத் தாண்டிவந்து இன்னொரு மொழியைக் கற்கத் தயார் என்று அவர் சொன்னதாக அந்தச் சபையின் வரலாறுகள் பதிவு செய்கின்றன. மூடும் பேச்சு அடங்கியது. டே திரும்பி வந்தார். 1849இல் அவரோடு நெல்லூருக்கு வந்து சேர்ந்தவர் லைமன் ஜூவெட்.

நான்கே வருஷத்தில் பேச்சு மறுபடி கிளம்பியது. 1853இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரத்தில் கூடிய ஆண்டுக் கூட்டத்தில், நெல்லூருக்கு ஆள் அனுப்பிப் பலப்படுத்துவதா, கடையைக் கட்டுவதா என்று விவாதம். மிஷன் நிலையங்களை நட்சத்திரக் குறிகளால் காட்டிய வரைபடம் ஒன்று அங்கே இருந்தது. பர்மாப் பக்கம் குறிகள் கொத்துக்கொத்தாக. இந்தியாவின் கீழ்க்கரையில், நெல்லூரில், ஒற்றைக் குறி. விவாதத்தில் யாரோ அதைத் ‘தனி நட்சத்திரம்’ என்றார்கள். கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் ஒருவர் சாமுவேல் பிரான்சிஸ் ஸ்மித். அமெரிக்கர்கள் பள்ளிக்கூடங்களில் பாடும் ‘அமெரிக்கா’ என்ற தேசப்பாட்டை எழுதிய அதே ஸ்மித். அந்தத் தனி நட்சத்திரத்தைப் பற்றி அவசரமாகச் சில கண்ணிகள் எழுதினார். அவை கூட்டத்தில் வாசிக்கப்பட்டன. மிஷன் பிழைத்தது. 1855இல் டக்ளஸ் என்ற புதியவர் நெல்லூர் வந்து சேர்ந்தார்.

நிதிக்குழுவின் வாதத்தைப் பாட்டு ஜெயித்தது என்று இதைச் சொல்வது வழக்கம். நல்ல கதைதான். ஆனால் பாட்டு எழுதியவருக்கு நெல்லூர் வெயில் தெரியாது. அதே 1853இல் டே இரண்டாம் முறையாகவும் கடைசி முறையாகவும் நோயோடு இந்தியாவை விட்டுப் போனார். இனி திரும்பி வருவதற்கில்லை. ஜூவெட்டும் அவர் மனைவியும் மிஞ்சினார்கள். பாஸ்டனிலிருந்து என்ன உத்தரவு வரப்போகிறது என்பது நிச்சயமில்லாத மாதங்கள் அவை. அந்த வருஷக் கடைசியில் அவர்கள் ஓங்கோல் வட்டாரத்தில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார்கள். சில ஊர்களில் வசை, சில ஊர்களில் கல். 1854 ஜனவரி முதல் தேதி விடியற்காலையில் ஓங்கோலுக்குப் பக்கத்துக் குன்றில் ஐந்து பேர் ஏறினார்கள். ஜூவெட் தம்பதி, கிறிஸ்டியன் நர்சு என்ற உதவியாளர், ஜூலியா, ரூத் என்ற இரண்டு தெலுங்குப் பெண்கள். ஓங்கோலுக்கு ஒரு மிஷனரியை அனுப்பும்படி கேட்டு ஜெபம் பண்ணிவிட்டு இறங்கினார்கள். அந்தக் குன்றுக்கு இன்றும் ஜெபக் குன்று என்றே பெயர். அந்த மிஷனரி வந்து சேர்ந்தது பன்னிரண்டு வருஷம் கழித்து.

இடையில் 1862இல் மூன்றாம் முறையாக மூடும் பேச்சு எழுந்தது. இந்த முறை பிராவிடன்ஸ் நகரக் கூட்டத்தில். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், சபைகளின் கையில் காசில்லை. ஜூவெட் நோயாளியாக ஊர் வந்துகொண்டிருக்கிறார், அவரைக் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம் என்று தள்ளிவைத்தார்கள். வந்தவரோ, சங்கம் உதவினாலும் உதவாவிட்டாலும் தான் தனியாகவாவது திரும்பிப்போய் அங்கேயே சாகப்போவதாகச் சொல்லிவிட்டார். அப்படியானால் உங்களை அடக்கம் செய்யவாவது ஒருவரை உடன் அனுப்ப வேண்டும் என்று செயலாளர் வாரன் பதில் சொன்னாராம். அடக்கம் செய்ய அனுப்பப்பட்டவர் கிளஃப். 1864 நவம்பர் கடைசியில் ஜூவெட்டும் அவரும் பாஸ்டனில் கப்பலேறி 1865இல் சென்னைக்கு வந்து, நெல்லூர் சேர்ந்தார்கள். டே நெல்லூருக்கு வண்டி கட்டிய நாளிலிருந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. சபையார் எல்லாரும் ஒரு சிறு கூடத்தில் அடங்கிவிடுகிற எண்ணிக்கை.

கிளஃப் பொறுமைசாலி என்று யாரும் சொல்லவில்லை. பெரிய உடம்பு, பெரிய குரல், எதையும் உடனே செய்துவிட வேண்டும் என்கிற பரபரப்பு. 1866இல் ஓங்கோலில் குடியேறினார். 1867 ஜனவரி முதல் தேதி அங்கே சபை அமைத்தபோது உறுப்பினர் எட்டுப் பேர்.

இதற்குள் அந்த வட்டாரத்தில் வேறொரு காரியம் நடந்திருந்தது. பாஸ்டனின் எந்தப் பேரேட்டிலும் அதற்குக் கணக்கில்லை.

எர்ரகுண்ட்ல பெரையா மாதிகர். தோல் பதனிட்டுச் செருப்பும் கிணற்றுக் கவலை ஏற்றத்துக்கான தோல்பையும் தைக்கிற, திருவிழாவிலும் சாவிலும் பறையடிக்கிற, செத்த மாட்டை அகற்றுகிற சமூகம். ஊருக்கு வெளியே அவர்கள் குடியிருப்பு. ஊர்க் கிணறு அவர்களுக்கில்லை. ஆனால் பெரையா சாதாரண ஆள் இல்லை. ஒரு பெண் குருவிடம் ராஜயோக உபதேசம் பெற்றவர். உருவ வழிபாட்டை மறுக்கும் ஞானமார்க்கக் கூட்டங்கள் அந்தக் காலத்துத் தெலுங்குக் கிராமங்களில் பல இருந்தன. தாழ்த்தப்பட்டவர்களுக்கும் அவற்றில் இடமிருந்தது. அந்த மரபில் தேறி, தானே சீடர்கள் உள்ள குருவாக ஊர் மதிப்போடு வாழ்ந்தவர் பெரையா. பிழைப்புக்குத் தோல் வியாபாரம். சரக்கோடு வடக்கே ஏலூர் வரை போவார்.

ஏலூரில் அலெக்சாண்டர் என்ற ஆங்கிலேய மிஷனரி இருந்தார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் சர்ச் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்தவர். தோல் விற்க வந்த மாதிகர் ஒருவருக்குச் சொன்னது என்ன ஆயிற்று என்று அவர் பின்தொடர வழியே இல்லை. கேட்டவர் மறுநாள் நடையைக் கட்டிவிட்டார். கோதாவரிக் கரையில் பவுடன் என்பவரின் மிஷன் வேறு இருந்தது. அவர் கல்தச்சர். கூட்டாளி ஜார்ஜ் பீர் செருப்புத் தைக்கிறவர். டே வந்த அதே 1836இல் இந்தியா வந்தவர்கள், பட்டமும் இல்லை, பெரிய சங்கத்தின் பணமும் இல்லை. அவர்களிடம் கிறிஸ்தவரான ஓங்கோல் ஆபிரகாம் பெரையாவுக்கு உறவுக்காரர். உறவுக்காரர் சொன்னதும் ஏலூர்க்காரர் சொன்னதும் பெரையாவின் மனதில் சேர்ந்தன. 1866இல் அவரும் மனைவி நாகம்மாவும் ஓங்கோல் வட்டாரத்துக்கு வந்த அமெரிக்கர்களைத் தேடிப்போய் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆக, அமெரிக்க பாப்டிஸ்டுகளின் மிகப் பெரிய பலனுக்கு விதை போட்டவர்களில் ஒருவர் ஆங்கிலிக்கன், மற்றவர் எந்தச் சங்கத்தையும் சேராத கல்தச்சர். யார் கணக்கில் இதை வரவு வைப்பது?

ஊர் திரும்பிய பெரையா, யோகம் சொல்லிக்கொடுத்த அதே வீடுகளுக்கு மறுபடி போனார். சில மாதம் கழித்து, 1867 ஜனவரியில், கிளஃப் அவருடைய தல்லகொண்டபாட்டுக்குப் போய்க் கூடாரம் அடித்தார். சுற்றுக் கிராமங்களிலிருந்து மாதிகர்கள் சோறும் படுக்கையும் கட்டிக்கொண்டு வந்து புளியந்தோப்பில் தங்கிவிட்டார்கள். ஐந்தாறு நாள் கேள்வியும் பதிலும். முடிவில் 28 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். டே வாழ்நாளெல்லாம் உழைத்துப் பார்த்திராத எண்ணிக்கை அது. அமெரிக்காவில் இருந்த டேயின் காதுக்கு ஓங்கோல் செய்தி எட்டியிருக்கும். ஆனால் குண்டலகம்மாக் கரைக் கூட்டத்தை அவர் அறியவில்லை. 1871இல் காலமானார்.

மாதிகர்கள் வரத் தொடங்கியதும் ஓங்கோல் நகரத்தின் பிராமணரும் மற்ற மேல்சாதியாரும் விலகினார்கள். அவர்களில் சிலர் கிளஃப்பிடம் நெருங்கிப் பழகியவர்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள். இவர்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்றார்கள். மேல்சாதியார் சிலர் வந்தால் மற்றவர்கள் தாமாக வருவார்கள் என்பது அன்றைய மிஷனரிகள் பலரின் கணக்கு. விரைந்த பலன் வேண்டுமென்றால் கிளஃப் அந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம். அவர் வேதத்தைத் திறந்தார். உலகம் எளியவர் என்று தள்ளியவர்களையே தேவன் தெரிந்துகொண்டார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய பகுதி கண்ணில் பட்டது. வேறு அறையில் இருந்த மனைவி ஹாரியட்டும் அதே நேரம் அதே பகுதியைத் திறந்திருந்தார் என்று கிளஃப் பின்னாளில் சொன்னார். அதிசயமோ தற்செயலோ, மாதிகர்களைத் தள்ளுவதில்லை என்று முடிவாயிற்று.

சேர்ந்தவர்களுக்கு மூன்று விதிகள். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது. செத்த மாட்டிறைச்சி தின்னக்கூடாது. விக்கிரகங்களை வணங்கக்கூடாது. எளிய விதிகளாகத் தோன்றும். கிராமத்தில் இவை ஒவ்வொன்றும் ஒரு வெடி. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை என்றால் அறுவடை நாளில் மிராசுதார் என்ன செய்வார்? திருவிழாவில் பறையடிக்க மாட்டேன் என்றால் அம்மன் தேர் எப்படி நகரும்? கர்ணமும் முன்சீபும் கோபப்பட்டார்கள். தண்ணீர் மறுக்கப்பட்டது, தானியக் கூலி நின்றது, அடி விழுந்தது. இவ்வளவுக்கும் நடுவில் சபை வளர்ந்தது. பஞ்சம் தொடங்கிய சமயத்தில் ஓங்கோல் சபையில் மூவாயிரத்துச் சொச்சம் பேர். சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் பஞ்சத்துக்கு முந்தைய இந்தப் பத்து வருஷத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

பிறகு மழை பொய்த்தது.

அரசு நிவாரண வேலைகள் தொடங்கின. கூலியைக் குறைக்க அரசு அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் கொண்டுவந்த திட்டத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும்தான். மண் வெட்டுகிற உடம்புக்கு அது போதாது என்று அன்றைய மருத்துவர்களே வாதாடினார்கள். வேலைத்தளங்களில் மேஸ்திரிகளின் அட்டூழியம் வேறு. மாதிகர், அவர்களைப் போலவே ஒதுக்கப்பட்ட மாலர் என்றால் விரட்டு, அடி, கூலியில் பிடித்தம். தன் சபையார் அங்கே போகப் பயப்படுவதைப் பார்த்துத்தான் கிளஃப் கால்வாயில் மூன்றரை மைலைத் தானே ஒப்பந்தம் எடுத்தார். பனையோலைக் கொட்டகைகள் எழுந்தன. கிணறு தோண்டினார்கள். பிரசங்கிகளையும் பள்ளி ஆசிரியர்களையும் மேற்பார்வைக்கு வைத்தார். கூலி ஒழுங்காகக் கிடைக்கிறது, யாரும் அடிப்பதில்லை என்ற செய்தி பரவியதும் பல நூறு கிராமங்களின் ஆட்கள் வந்து குவிந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்து, கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு வீடு திரும்ப, புதியவர்கள் வந்தார்கள். காலரா நடுநடுவே வாரிக்கொண்டு போயிற்று.

வேலை ஓய்ந்த நேரத்தில் பிரசங்கிகள் கூலிகளோடு மண்மேட்டில் உட்கார்ந்து பேசினார்கள். பாரம் சுமக்கிறவர்களைத் தன்னிடம் அழைக்கும் இயேசுவின் வாக்கைத்தான் அந்த மக்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்று கிளஃப் எழுதியிருக்கிறார். கூடை கூடையாக மண் சுமந்துகொண்டிருந்தவர்கள் கேட்டது அது, விளக்கம் தேவையில்லை.

ஞானஸ்நானம் வேண்டும் என்று கூட்டம் கூட்டமாகக் கேட்டார்கள். கிளஃப் மறுத்தார். பதினைந்து மாதம், ஒருவருக்குக்கூடக் கொடுக்கவில்லை. பாதிரியார் கையில் கூலியும் தானியமும் இருக்கும்வரை வருகிறவர் எதற்காக வருகிறார் என்று வருகிறவருக்கே தெரியாது என்பது அவர் எண்ணம்.

இந்த மிஷனின் வரலாற்றில் பெரிய பொறுமை எது என்று கேட்டால், ஜூவெட்டின் குன்றைக் காட்டுகிறவர்கள்தான் அதிகம். கிளஃப்பின் பதினைந்து மாதமே அதைவிடக் கடினமானது. பலன் வராதபோது காத்திருக்க வைராக்கியம் போதும். வேறு வழியும் இல்லை. பலன் வாசலில் வந்து நிற்கும்போது, சங்கம் நாற்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த எண்ணிக்கை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, இப்போது வேண்டாம் என்று சொல்வதற்கு வேறு மாதிரியான நெஞ்சு வேண்டும். அதுவும் பரபரப்புக்காரரான கிளஃப் அதைச் செய்தார்.

1878 கோடையில் நிவாரணப் பணம் தீர்ந்தது. இனி கொடுக்க ஒன்றுமில்லை என்று அறிவித்துவிட்டு, ஓங்கோலுக்கு வடக்கே பத்து மைலில் குண்டலகம்மா ஆற்றங்கரையிலுள்ள வெல்லம்பள்ளிக்குச் சபையாரை வரச்சொன்னார். வந்தவர்களில் பெரும்பாலோர் ஞானஸ்நானம் கேட்டு வந்திருந்தார்கள். உதவி இல்லை என்று மறுபடி சொல்லிப் பார்த்தார். தங்கள் உள்ளங்கைக் கொப்புளங்களையே சாட்சியாகக் காட்டி, உழைத்துப் பிழைத்துக்கொள்வோம், அடுத்த விளைச்சலும் பொய்த்தால் செத்துப்போவோம், சாவதானால் கிறிஸ்தவர்களாகச் சாகிறோம் என்றார்களாம். வேறு சபையார் இவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள் என்ற செய்தியும் கிளஃப்பின் காதுக்கு வந்திருந்தது. அந்தப் போட்டியும் அவர் முடிவில் கலந்திருக்கும். புனிதர் வரலாறாக எழுதுகிறவர்கள் இதைத் தொடாமல் விடுவதுண்டு.

ஜூலை 2ஆம் தேதி 614 பேர். 3ஆம் தேதி 2,222 பேர். 4ஆம் தேதி 700 பேர். மூன்று நாளில் 3,536. கிளஃப் ஆற்றில் இறங்கவில்லை. தெலுங்குப் பிரசங்கிகள் ஆறு பேர், இரண்டிரண்டு பேராக நீரில் நின்று, களைத்தவர் கரையேற அடுத்தவர் இறங்கி, பட்டியலில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு முழுக்கினார்கள். வெயில் உச்சிக்கு வந்ததும் ஓய்வு. பிறகு பொழுது சாயும் வரை. அந்த ஆண்டு முடிவதற்குள் ஓங்கோல் சபையின் எண்ணிக்கை பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியது.

அமெரிக்காவில் இதற்குக் கிடைத்த பயன் ஒன்று வேடிக்கையானது. பெந்தெகொஸ்தே நாளில் மூவாயிரம் பேரை ஒரே நாளில் முழுக்கியிருக்க முடியாது, தண்ணீர் தெளித்துத்தான் ஞானஸ்நானம் கொடுத்திருப்பார்கள் என்று மற்றச் சபையார் பாப்டிஸ்டுகளோடு நெடுங்காலமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்தீர்களா, இரண்டு இரண்டு பேராக நின்றே 2,222 பேரை முழுக்கிவிட்டோம் என்று பாப்டிஸ்டுகள் குண்டலகம்மாவை எடுத்துக்காட்டினார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் தப்பிப் பிழைத்த மாதிகர்கள், தங்களுக்குத் தெரியாமலேயே, எங்கோ நடந்த ஒரு சபைச் சண்டைக்குச் சாட்சியானார்கள்.

மூன்று முறை மூடப் பார்த்த சங்கமும் அந்த எண்ணைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டது. நூல்கள் வந்தன, சொற்பொழிவுகள் நடந்தன, நன்கொடை பெருகியது. களத்தில் இருந்தவர்களின் கவலை வேறாக இருந்தது. பன்னிரண்டாயிரம் பேருக்கு யார் எழுத்துச் சொல்லிக்கொடுப்பது? எத்தனை கிராமம், எத்தனை பள்ளி, எத்தனை ஆசிரியர்? 1872இல் ராமபட்டணத்தில் தொடங்கியிருந்த இறையியல் பள்ளிதான் கைகொடுத்தது. ஊர் ஊராகப் போய்ப் படிப்புச் சொன்ன மாதிக ஆசிரியர்கள் அங்கிருந்து புறப்பட்டவர்களே. ஞானஸ்நானப் பட்டியலைவிட அந்தப் பள்ளிக்கூட வருகைப் பதிவேடுகளைத் தேடிப் பார்ப்பது இந்த வரலாற்றை எழுதப்போகிறவருக்கு அதிகம் உதவும்.

ஜூவெட் பிற்காலத்தில் சென்னைக்கு வந்து தெலுங்கர்களிடையே ஊழியம் செய்தார், தெலுங்கு வேதாகமத் திருத்தத்தில் உழைத்தார், 1897இல் காலமானார். ஓங்கோலில் அவர் பெயரில் ஆலயம் இருக்கிறது. பெரையாவைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம் எம்மா ரவுஷன்புஷ் என்ற பெண்மணி. 1882இல் சென்னைக்கு மிஷனரியாக வந்தவர், பின்னர் கிளஃப்பை மணந்தவர், சமூகச் சுவிசேஷக் கருத்துகளால் புகழ்பெற்ற வால்டர் ரவுஷன்புஷின் தமக்கை. மாதிகக் கிறிஸ்தவர்களை உட்காரவைத்து, அவர்கள் சொன்னதைக் கேட்டு, 1899இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் மிஷனரிகள் ஓரத்தில்தான் வருகிறார்கள். நடுவில் இருப்பது செருப்புத் தைத்தபடியே சாதியார் பேசிக்கொண்ட பேச்சு, யோகியர், பெண் குருக்கள், கல்யாண வீடுகளில் உறவுக்குள் நடந்த வாக்குவாதங்கள். கிளஃப்பின் தன்வரலாற்றையும் அவரே எழுதி முடித்து, கிளஃப் 1910இல் இறந்தபின் 1914இல் வெளியிட்டார்.

கணக்கு அதோடு நிற்கவில்லை. 1950இல் குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்று, மாதிகர்களும் அடங்கிய அட்டவணைச் சாதிகளுக்கான சலுகைகள் இந்துக்களுக்கு மட்டுமே என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. ஆந்திரத்தில் மதம் மாறிய அட்டவணைச் சாதியாருக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ‘சி’ பிரிவு, ஒரு சதவீத ஒதுக்கீடு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிற பல குடும்பங்கள், பள்ளிச் சான்றிதழில் இந்து மாதிக என்றே எழுதிக்கொள்கின்றன. கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் கிறிஸ்தவர்கள் 1.34 சதவீதம், அதற்கு முந்தைய 2001 கணக்கில் 1.55. ஓங்கோல் வட்டாரத்துச் சபைகளின் ஞாயிறு ஆராதனையைப் பார்த்தவர் எவரும் அந்த எண்ணை அப்படியே நம்புவதில்லை.